கொடும்பாவிக்கு யார் பிள்ளை

எண்பத்து மூன்றாம் வருஷம் மதுரையில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றி எங்கள் கல்லூரி விடுதியை மூடிவிட்டார்கள். குளிக்காமலே பரீட்சைக்குப் படிக்கிறோம், விடுதியைத் திறந்து வையுங்கள் என்று நாங்கள் சிலர் வார்டனிடம் மனுக் கொடுத்தோம். நாங்கள் குளித்துக்கொண்டிருந்த காலத்திலேயே படித்ததில்லை என்று சொல்லி அவர் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்படித்தான் டிரங்குப் பெட்டியோடு பேரையூருக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். தண்ணீர் குறைந்த ஊரிலிருந்து தண்ணீரே இல்லாத ஊருக்கு என்னை அனுப்பிவைத்ததில் நிர்வாகத்துக்கு என்ன லாபம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். திருமங்கலம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். பார்ப்பதற்குப் பச்சையாக எதுவும் இல்லை, பஸ்ஸின் சீட்டைத் தவிர.

எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா நல்லகாமன் வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு உண்டு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. கிணற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் அய்யா விருமாண்டியின் மல்லிகைத் தோட்டம், அந்தப் பக்கம் சித்தப்பாவின் மல்லிகைத் தோட்டம். இரண்டும் அந்தக் கிணற்றை நம்பித்தான் நின்றன. நான் வந்தபோது மோட்டாரைப் போட்டால் பீடி ஒன்று குடித்து முடிக்கிற நேரம் தண்ணீர் வந்தது. அப்புறம் குழாய் இருமியது.

பாறையை உடைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினால் ஊற்றுக் கிடைக்கும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அய்யாவும் அதையேதான் சொன்னார். சித்தப்பாவும் அவர் வீட்டில் அதையே சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. ஆனால் பங்குக் கிணற்றில் ஒரு பங்காளி சம்மதிக்காமல் இன்னொரு பங்காளி கடப்பாரையை இறக்க முடியாது. சம்மதம் கேட்பதென்றால் பேச வேண்டும். அய்யாவும் சித்தப்பாவும் பேசி இரண்டு வருஷமாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் இரண்டு தோட்டத்திலும் மிச்சமிருக்கிற செடியும் கருகும். குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விடலாமா என்று அய்யா அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மிகவும் அவசியமென்றால் அய்யா எங்கள் மாட்டிடம் பேசுவார்.

"ஏய் செவலை, வால்வத் தெறந்து போட்டுட்டுப் போனா நாளைக்கு எவன் வந்து அடைப்பான்?"

செவலைக்கு வால்வைப் பற்றி எதுவும் தெரியாது. வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற சித்தப்பா வந்து வால்வை அடைத்துவிட்டுப் போவார். வாயைத் திறக்க மாட்டார்.

நான் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, இவங்க ரெண்டு பேரும் எதுக்குப் பேசாம இருக்காங்க?"

"தண்ணித் தகராறு."

"தண்ணியே இல்லையே. தகராறு மட்டும் எப்படி இருக்கு?"

"தண்ணி இல்லாமப் போனதாலதான்டா தகராறு. காலேஜுல என்னத்தத்தான் சொல்லிக் குடுக்குறாய்ங்க?" என்றாள் தங்கப்பொண்ணு என்கிற என் தாயார். அதோடு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முறத்தில் புடைக்க ஒன்றும் இல்லை.

எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. எங்கள் ஊரில் தண்ணீர்த் தகராறுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காலையில் மண்வெட்டியைத் தூக்குவார்கள். மத்தியானம் ஆத்தாளையும் அக்காளையும் இழுத்துத் திட்டுவார்கள். சாயங்காலம் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு வருஷம் பேசாமல் இருக்கிற அளவுக்குத் தண்ணீருக்கு அழுத்தம் கிடையாது. வேறு ஏதோ இருக்கிறது. அது என்ன என்பதுதான் அந்த விடுமுறையில் எனக்குக் கிடைத்த ஒரே படிப்பு.

நான் ஊருக்கு வந்த வாரத்தில் ஊர்க் கூட்டம் போட்டுக் கொடும்பாவி கட்டி இழுப்பது என்று முடிவு செய்தார்கள். மழை பெய்யாததற்குக் காரணம் எவரோ செய்த பெரும்பாவம். அந்தப் பாவி யாரென்று கண்டுபிடிப்பது கஷ்டம், கண்டுபிடித்தால் அதைவிடக் கஷ்டம். ஆகவே வைக்கோலில் ஒரு பாவியைச் செய்து, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, ஊர் எல்லையில் கொள்ளி வைத்துவிடுவது வழக்கம். பாவி ஒழிந்தால் மழை வரும்.

செய்கிற வேலை மொக்கைச்சாமிக்கு. அவர் எனக்கு மாமன் முறை. கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் உட்கார்ந்து வைக்கோலை முறுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"மாமா, எங்கய்யாவும் சித்தப்பாவும் எதுக்குப் பேசுறதில்ல?"

"அந்தக் கயித்த எடு மாப்ள."

எடுத்துக் கொடுத்தேன். "தண்ணித் தகராறுன்னு அம்மா சொல்லுது."

"அப்ப அதான்."

"அது இல்லேன்னு தோணுது."

"அப்ப அது இல்ல." மொக்கைச்சாமி பாவியின் கழுத்தை இறுக்கிக் கட்டினார். "இந்தப் பய மூஞ்சிக்கு மீசை வச்சா எப்படி இருக்கும்?"

வைத்தார். கரியைக் குழைத்துக் காதுவரை முறுக்கிவிட்டார். அவர் அந்தப் பக்கம் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் பெண்கள் கூட்டமாக வந்து, அம்மணமாகக் கிடக்கிறதே என்று பரிதாபப்பட்டு, கிழிந்த சுங்குடிச் சேலை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. பாவி முறுக்கு மீசையும் கொசுவமும் வைத்துக்கொண்டு புளியமரத்தில் சாய்ந்து நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக வந்திருக்கிறது என்றே சொன்னார்கள்.

மறுநாள் காலை ஒப்பாரி பாட அன்னக்கொடி வந்து இறங்கினாள். நாலு ஊர் தள்ளியிருந்து வந்த தொழில்காரி. பாவியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். நின்றாள். மறுபடியும் நடந்தாள்.

"ஏப்பா, செத்தது ஆம்பளையா பொம்பளையா?"

ஊரே பாவியைப் பார்த்தது.

"மீசை இருக்குல்ல?" என்றார் மொக்கைச்சாமி.

"சீல கட்டியிருக்குல்ல?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"எதுவா இருந்தா என்ன, அழு" என்றார் மலைச்சாமிப் பெரியப்பா. வேறு வகையறா, மரியாதைக்குப் பெரியப்பா; ஊர்க் காரியம் எதுவானாலும் அவர்தான் முன்னால் நிற்பார்.

"அது எப்படி? ஆம்பளைக்கு ஒரு பாட்டு, பொம்பளைக்கு ஒரு பாட்டு. மாத்தி அழுதா எடுபடுமா? ராசான்னு கூப்புடவா, ஆத்தான்னு கூப்புடவா? சட்டுன்னு சொல்லுங்க. எனக்கு மத்தியானம் பஸ்ஸு."

அவளுக்கு அது பாட்டைப் பற்றிய கேள்வி. ஊருக்கு அது பாட்டோடு முடிகிற கேள்வியாக இல்லை என்பது எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டதில் தெரிந்தது. என்னவென்று எனக்கு மட்டும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரைச் சுரண்டிக் கேட்டேன். அவர் சொன்னார்.

கொடும்பாவிக்குக் கொள்ளி வைக்க ஒரு பிள்ளை வேண்டும். எந்த வகையறா பிள்ளை தருவது என்பதற்கு ஊரில் முறை இருக்கிறது. இந்தத் தடவை எங்கள் வகையறா. தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறவன் கொள்ளிச் சட்டியைத் தொடக் கூடாது. கழித்துப் பார்த்தால் எங்கள் வகையறாவில் மிச்சம் இரண்டே பேர், அய்யாவும் சித்தப்பாவும். தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன். தாய்க்கு வைப்பது இளைய மகன். ஆகவே பாவி ஆணென்றால் அய்யா, பெண்ணென்றால் சித்தப்பா.

இதில் விழுந்தடித்துக்கொண்டு முன்னால் வர யாருக்கும் ஆசை இருக்காது. கொடும்பாவிக்குப் பிள்ளையாக நின்றவனை அடுத்த பஞ்சம் வரைக்கும் ஊர் அப்படித்தான் கூப்பிடும்.

மலைச்சாமிப் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "சீல கட்டியிருக்கு. பொம்பளைன்னு வச்சுக்குவோம். நல்லகாமா, நீ வாப்பா."

சித்தப்பா நகரவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டார்.

"பெத்தவளுக்கு வைக்க விடல. வைக்கலுக்கு வைக்கக் கூப்புடுறீகளோ?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. டீ வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னார். கொட்டுக்காரர்கள் கம்பைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அப்பத்தா இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தாள். எனக்கு அன்றைக்குச் செய்முறைப் பரீட்சை. தந்தி கிடைத்து மறுநாள்தான் வந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. சித்தப்பா அன்று விடிவதற்கு முன்னாலேயே பூ மூட்டையோடு மதுரைக்கு பஸ் ஏறிப் போயிருந்தார் என்பதும், அவர் போன பிறகுதான் அப்பத்தா போய்ச் சேர்ந்தது தெரிந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவர் திரும்பி வந்தபோது என்ன ஆயிற்று என்பதை நான் கேட்டதேயில்லை. சாவு வீட்டில் யார் எங்கே நின்றார்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"பூக்கடைக்குப் போன் வந்துச்சு. போட்டது போட்டபடி ஓடியாந்தேன்" என்றார் சித்தப்பா, மலைச்சாமிப் பெரியப்பாவைப் பார்த்து. "பேரையூர்ல எறங்கி ஓட்டமா வாரேன். சுடுகாட்டுல தீ பாதி அமந்துபோச்சு. கடைசி மகன் நான். நான் வைக்க வேண்டிய கொள்ளிய நான் வாரதுக்குள்ள வச்சுட்டாக. பொணம் தாங்காதுன்னு சொன்னாகளாம். இருக்கட்டும். இந்த வைக்கலு தாங்கும்ல? எவன் அவசரப்பட்டு வச்சானோ அவனே வைக்கட்டும்."

அய்யா கூட்டத்தின் ஓரத்தில், வேலமரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மாட்டைத் தேடினாரோ என்னவோ, ஒரு கணம் அங்கும் இங்கும் பார்த்தார். செவலை வீட்டில் கட்டிக் கிடந்தது.

பிறகு நடந்து முன்னால் வந்தார்.

"பொணம் தாங்கும்யா" என்றார். "ராத்திரி வரைக்கும்கூடத் தாங்கும். நான்தான் பொய் சொன்னேன்."



"அன்னைக்குத் தண்ணி என் முறை. முந்தின முறைக்குக் கரண்டு இல்லாமப் போச்சு. செடியெல்லாம் துவண்டு கெடக்கு. மூணு மணிக்குக் கரண்டு விடுவான், அஞ்சு மணிக்குப் புடுங்கிருவான். சின்னவன் வந்துக்கிட்டிருக்கான், செத்த பொறுப்பான்னு நீங்கள்லாம் சொன்னீக. மலைச்சாமியண்ணே, நீங்க எங்கையப் புடிச்சுச் சொன்னீக. நான் கேக்கல. சட்டியத் தூக்கிட்டேன். தீயப் போட்டுட்டுக் குளிக்க எங்க போனேன்? கெணத்துக்குத்தான் போனேன். குளிச்ச ஈரத்தோட மோட்டாரப் போட்டேன். பாத்தி நெறைஞ்சுச்சு. நானும் பாத்துக்கிட்டு நின்னேன்."

அய்யா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசினால் மூச்சு வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்றார்.

"ஆத்தாளவிடச் செடி பெருசாத் தெரிஞ்சுச்சு. அந்தச் செடி இன்னைக்கு வெறகாக் கெடக்கு. வெறகுக்கு நடுவுல உக்காந்து யோசிக்க நெறைய நேரங் கெடைக்குதுய்யா. தண்ணி நெறைஞ்சு ஓடுனா இதெல்லாம் எனக்கு நெனப்புக்கு வந்திருக்குமாங்கிறதும் சந்தேகந்தான்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அன்னக்கொடி கேட்டதுக்குப் பதில் சொல்லிர்றேன். பாவி ஆம்பளதான். இந்தா நிக்கிறேன். வைக்கலுக்கு நான் எதுக்குப் புள்ளையா நிக்கணும்? வைக்கலுதான் நானு. எனக்குத்தான் மகன் இருக்கான். அவன் தூக்கட்டும் சட்டிய."

ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது. அம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து "அய்யய்யோ, என்ன பேச்சு இது" என்று கத்தினாள். மொக்கைச்சாமி நெருப்புச் சட்டியோடு என் பக்கம் திரும்பிவிட்டார். அவருக்கு யார் எது சொன்னாலும் உடனே செய்கிற சுபாவம்.

நான் மதுரையில் பகுத்தறிவுப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவன். வைக்கோல் பொம்மைக்கு நெருப்பு வைத்தால் வைக்கோல் எரியும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். மொக்கைச்சாமி சட்டியை நீட்டினார். அப்படியிருந்தும் என் கை எப்படி முன்னால் போயிற்று என்று தெரியாது. சட்டியின் உறிக் கயிறு விரலில் பட்டது.

"குடுறா இங்க."

சித்தப்பா என் கையிலிருந்து சட்டியைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் ஒரு கங்கு அவர் பாதத்தில் விழுந்தது. காலை உதறிக்கொண்டே கத்தினார்.

"உசுரோட நிக்கிற மனுசனுக்குப் பெத்த மகன் சட்டி தூக்குறதா? எங்கண்ணன் கிறுக்குப் புடிச்சுப் பேசுறான்னா ஊரு என்னய்யா வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிது? இது பொம்பள. சீல கட்டியிருக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு ஒங்களுக்கு?"

"மீசை இருக்கேப்பா" என்றார் மலைச்சாமிப் பெரியப்பா, சன்னமாக.

சித்தப்பா புளியமரத்துக்குப் போனார். தோளில் கிடந்த துண்டால் பாவியின் முகத்தை அழுத்தித் துடைத்தார். கரி கன்னமெல்லாம் இழுகிக்கொண்டது.

"இப்ப?"

யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மொக்கைச்சாமிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். கொட்டு முழங்கியது. அன்னக்கொடி 'ஆத்தா' என்று ஆரம்பித்தாள்.

தெருக்களைச் சுற்றி எல்லைக்குப் போனோம். கொள்ளிக் குடத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒரு சின்னத் தகராறு வந்தது. முழுக் குடம் ஊற்ற வேண்டும் என்று ஒருவர், வைக்கோல் பாவிக்குக் கால் குடம் போதும் என்று இன்னொருவர். அரைக் குடத்தில் சமாதானமாகியது. அதைத் தோளில் வைத்து சித்தப்பா சுற்றி வந்தார். ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சி அவர் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்தார். வைத்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஆத்தா, நான் வந்துட்டேன்த்தா" என்றார். பிறகு சொன்னது எதுவும் விளங்கவில்லை.

அன்னக்கொடி பாட்டை நிறுத்திவிட்டாள். வெற்றிலைப் பையை அவிழ்த்து ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"பாடு அன்னக்கொடி" என்றார் மொக்கைச்சாமி.

"நெசமா ஒருத்தன் அழுகும்போது குறுக்க என்னத்தப் பாட? பேசாம இருங்க" என்றாள்.

அய்யா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. வந்து கட்டிப்பிடித்து இருவரும் அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தது சினிமா பார்த்த கோளாறு. குளிக்கத் தண்ணீர் இல்லாததால் ஆளுக்கு ஒரு கை தலையில் தெளித்துக்கொண்டு கலைந்தோம்.

அந்த வாரமே மழை பெய்தது, பக்கத்து ஊரில். அங்கே அவர்கள் எந்தப் பாவியையும் எரித்திருக்கவில்லை. எங்கள் ஊருக்கு இடி மட்டும் கேட்டது. கணக்கு எங்கே தவறியது என்று டீக்கடையில் ரொம்ப நாள் பேசினார்கள்.

ஒரு நாள் காலையில் சித்தப்பா எங்கள் தொழுவத்துக்கு வந்து நின்றார். அய்யா சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏய் செவலை" என்றார் சித்தப்பா. "கெணத்த வெட்டலாமான்னு கேட்டுச் சொல்லு."

அய்யா நிமிர்ந்தார். "மாட்ட என்னத்தக் கேக்குற? வெட்டலாம்."

வெட்டத் தொடங்கினோம். வெடி வைக்கிறவர்கள் வந்து பாறையைப் பிளந்துவிட்டுப் போனார்கள். வேலை முடிகிறவரை மோட்டாரை இறக்க முடியாது. ஆகவே இரண்டு தோட்டத்திலும் மிச்சமிருந்த மல்லிகையும் போயிற்று. இது இருவருக்கும் முன்பே தெரிந்திருந்தது. அய்யா செடிகளைத் தூரோடு வெட்டி இரண்டு வீட்டு அடுப்புக்கும் பிரித்துப் போட்டார். அந்த விறகில் ஆக்கிய சோறு மணக்குமோ என்று முகர்ந்து பார்த்தேன். புகைதான் அடித்தது. வெட்டும்போது அய்யாவின் முகத்தையும் கவனித்தேன். எதையாவது தொலைத்தவர் முகமாக அது இல்லை. கூலி ஆட்களைக் குறைக்க அய்யா, சித்தப்பா, நான் மூவரும் உள்ளே இறங்கிக் கல் அள்ளினோம். மேலே கூடையை இழுக்கிற கைக்கிரேனைச் சுற்ற மொக்கைச்சாமி.

வேலை நடக்கும்போது இருவரும் வேலையை மட்டும் பேசினார்கள். "கடப்பாரைய எடு." "கால எடு." "கூடை வருது, தலைய எடு." இரண்டு வருஷப் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு மத்தியானம் கிணற்றின் அடியில் கல்லின்மேல் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். வட்டமாக வானம் தெரிந்தது. அதில் மேகம் எதுவும் இல்லை.

"அண்ணே" என்றார் சித்தப்பா.

"ம்."

"ஆத்தா கடைசியா என்ன சொன்னுச்சு?"

அய்யா வாயருகே போன தூக்குச்சட்டியை இறக்கினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சித்தப்பாவுக்கு இது தெரியாது. இரண்டு வருஷமாக அவர் இதைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்க வேண்டிய ஆளிடம்தான் அவர் பேசுவதில்லை.

"பெருசா ஒண்ணுஞ் சொல்லலடா."

"என்னதான் சொன்னுச்சு?"

"முந்தின நாள் பொழுதடைய, கோழிய அடைச்சாச்சான்னு கேட்டுச்சு. அப்புறம் படுத்துருச்சு. காலைல எந்திரிக்கல."

சித்தப்பா ஊறுகாயை நக்கிக்கொண்டார்.

"அடைச்சியா?"

"எங்கடா அடைச்சேன்? அந்த வெள்ளப் பெட்டை வெளியதான் நின்னுச்சு. கீரி தூக்கிட்டுப் போயிருச்சு."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஞ்சி புரையேறி இருமினார். அய்யா அவர் உச்சந்தலையில் தட்டினார். தட்டிய கையை உடனே எடுக்கவில்லை.

"வெள்ளப் பெட்டையா?" என்றார் சித்தப்பா, இருமல் நின்றதும். "ஆத்தா வெள்ளக் கோழி வளக்கவே இல்லையே. அது புள்ளிப் பெட்டைல்ல?"

"போடா. புள்ளிப் பெட்டை அதுக்கு முந்தியே போச்சு. இது வெள்ள."

"நீ மல்லிச்செடியப் பாத்துக்கிட்டிருந்த. கோழிய எங்க பாத்த?"

"ஒனக்கு ரொம்பத் தெரியும். நான்தானடா ஆத்தாகூட ஒரே வீட்டுல இருந்தேன்!"

சத்தம் கிணற்றுச் சுவரில் மோதி மேலே போனது. "என்னய்யா அங்க? மறுபடியும் சண்டையா?" என்று மொக்கைச்சாமி எட்டிப் பார்த்தார். இருவரும் ஒரே குரலில் அவரை வேலையைப் பார்க்கச் சொன்னார்கள்.

நான் கூடையை எடுத்துக்கொண்டு வடமேற்கு மூலைக்குப் போனேன். அங்கே வெடிப்பு ஒன்றில் பாறை கறுத்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். ஈரம். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். விரல் நுனியில் ஒரு சொட்டுத் திரண்டது.

சொல்லலாம் என்று திரும்பினேன். இருவரும் எழுந்து நின்று கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் கோழி என்ன நிறம் என்று முடிவாகட்டும் என்று இருந்துவிட்டேன்.